பட்டுப்புழு இரை

மாதவராஜ் கம்பைநல்லூரில் ஒரு டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். திங்கள் முதல் சனி வரை யாராவது அவனைத் திட்டிக்கொண்டே இருப்பார்கள். உழவு நிற்கிறது என்று வண்டிக்காரர்கள் திட்டுவார்கள். வண்டிக்காரர்கள் திட்டுகிறார்கள் என்று முதலாளி திட்டுவார். ஞாயிற்றுக்கிழமை இருமத்தூர் தடுப்பணைக்குக் கீழே, தென்பெண்ணை ஆற்றங்கரையில் போய் நின்றால் மட்டும் அவன் வேறு ஆள். தூண்டில் போட வருகிறவர்கள் அவன் பக்கத்தில் இடம் பிடிக்கப் பார்ப்பார்கள். "அண்ணா, இன்னைக்கு என்னா இரை?" என்று கேட்பார்கள். அவன் பாதி உண்மை சொல்வான்.

கெளுத்தி பிடிப்பதற்கு இரைதான் எல்லாம். கலங்கல் தண்ணீரில் அது கண்ணால் பார்த்து வருவதில்லை, மீசையால் தடவிக்கொண்டு மோப்பத்தில் வரும். மாதவராஜ் வெள்ளிக்கிழமையே கோழிக்கடையில் குடல் வாங்கிவிடுவான். சனிக்கிழமை முழுக்க வெயிலில் வைத்து, பூண்டும் பெருங்காயமும் நசுக்கிப் போட்டு, அகலவாய் பாட்டிலில் அடைத்து பாத்ரூமுக்குப் பின்னால் ஒளித்து வைப்பான். ஆற்றங்கரையில் குடல் என்று மட்டும்தான் சொல்வான். பூண்டையும் பெருங்காயத்தையும் யாரிடமும் சொன்னதில்லை. பொம்மிடி சர்ச்சில் காலை முதல் பூசை முடித்துவிட்டு பைக்கில் வரும் ஸ்தனிஸ்லாஸ் என்ற எலக்ட்ரீஷியன், வருஷக்கணக்காக அதே குடலைப் போட்டும் பாதிகூடப் பிடிக்க முடியாமல், "உங்க கை ராசிங்கண்ணா" என்று சொல்லி அவனைப் பார்ப்பான். அந்தப் பார்வைக்காகவே மாதவராஜ் அடுத்த ஞாயிறு வரை காத்திருப்பான்.

இரையைத் தொடுவதற்கு முன்னால் ஆற்று மண்ணை அள்ளிக் கையைத் தேய்தேய் என்று தேய்ப்பான். விரல் இடுக்கில் டீசல் வாசம் கொஞ்சம் இருந்தாலும் கெளுத்தி கிட்டே வராது. அதே காரணம் சொல்லித்தான் மனைவி சுகுணாவையும் தூண்டிலைத் தொட விடமாட்டான்.

சுகுணா தருமபுரிப் பக்கம் ஒரு பட்டு நூல் யூனிட்டில் வேலை செய்தாள். பட்டுக்கூட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு நூல் இழுக்கிற வேலை. நூல் தீர்ந்ததும் உள்ளே வெந்து கிடக்கும் புழு தொட்டியின் அடியில் தங்கிவிடும். அதில் ஒரு கவர் அள்ளி வந்து வீட்டுக் கோழிகளுக்குப் போடுவாள். அந்தப் புழுவின் வீச்சம் எத்தனை சோப்புப் போட்டாலும் அவள் கையைவிட்டுப் போவதில்லை.

"உன் கைய வெச்சிடாத தாயே. ஆத்துல இருக்கிற மீனெல்லாம் சாத்தனூர் டேமுக்கு ஓடிப் போயிடும்" என்பான் மாதவராஜ். அவளும் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யூனிட்டில் அரை நாள் வேலை வைத்துவிட்டார்கள். மகள் காவியாவுக்கு ஸ்பெஷல் கிளாஸ். மாதவராஜ் சுகுணாவை பஸ் ஸ்டாப்பில் ஏற்றிக்கொண்டு நேராக ஆற்றுக்கு வந்துவிட்டான். "நீ சும்மா நெழல்ல உக்காரு" என்று ஒரு புங்கமரத்தைக் காட்டினான்.

அன்றைக்கு மீனே இல்லை. முதல் நாள் பெய்த மழையில் தண்ணீர் செம்மண்ணாக ஓடியது. போட்ட குடலை நண்டுதான் பிய்த்துக்கொண்டு போனது. ஸ்தனிஸ்லாஸ் கொட்டாவி விட்டான். சுகுணா நெடுநேரம் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு கோழிக்கு வைத்திருந்த கவரை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரமாக வந்து, பொழுது போகாமல் புழுவை ஒவ்வொன்றாக ஓரத்து ஆழத்தில் விட்டெறிந்தாள். விழுந்த இடத்தில் தண்ணீர் கொப்பளித்தது. மறுபடியும் ஒன்று போட்டாள். இந்த முறை கறுப்பாக ஒரு முதுகு புரண்டு உள்ளே போனது.

"ஏங்க, இங்க வாங்க. இத முள்ளுல குத்திப் போட்டா என்னா?"

"அது வெந்த புழு. நிக்காது. வுழுந்துடும்."

"அந்தப் பழய கம்ப குடுங்களேன்."

ஸ்தனிஸ்லாஸ் முன்னால் மாட்டேன் என்று சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது. கொடுத்தான். அவன் சொன்ன மாதிரியே முதல் புழு பிய்ந்து விழுந்தது. சுகுணா தன் புடவை முந்தானையில் ஒட்டியிருந்த பட்டுச் சிலும்பை இழுத்தாள். நூல் இழுக்கும்போது கழிவாக வரும் மெல்லிய இழை அது. மூன்று புழுவைச் சேர்த்து வைத்து, முள்ளோடு அந்த இழையால் சுற்றிக் கட்டினாள். நூல் ஒட்டுகிற கை. பார்ப்பதற்குள் கட்டி முடித்துவிட்டாள்.

தக்கை விழுந்து நிமிர்ந்தது. அப்படியே உள்ளே போய்விட்டது.

முழங்கை நீளக் கெளுத்தி. அன்று சாயங்காலத்துக்குள் அவள் இன்னும் ஐந்து பிடித்தாள். மாதவராஜ் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. வண்டியில் திரும்பும்போது அவள் பின்னால் உட்கார்ந்து விடாமல் பேசிக்கொண்டு வந்தாள். இழுக்கும்போது கைக்குள் என்னவோ துடித்தது என்றாள், அடுத்த வாரமும் வரட்டுமா என்றாள். அவன் "ம்" என்று மட்டும் சொன்னான். ஏதோ அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த வாரமும் அதே கதைதான். அதற்கடுத்த வாரமும் அப்படியே. சுகுணா இப்போது ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறையப் புழு கொண்டு வந்தாள். அதைவிட மோசம், கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். இழையும் கொடுத்து எப்படிக் கட்டுவது என்றும் காட்டினாள்.

"இப்பிடிப் பண்ணுங்க தம்பி. இறுக்குனா புழு நசுங்கிடும். நூலு தொட்ட மாதிரியும் இருக்கணும், தொடாத மாதிரியும் இருக்கணும்."

"சரிங்கக்கா" என்றான் ஸ்தனிஸ்லாஸ். அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக பக்கெட் நிறைய மீன் கொண்டுபோனான். போகும்போது மாதவராஜிடம், "அக்கா தங்கமானவங்கண்ணா. ஒண்ணையும் மறைக்கறதில்ல" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். மாதவராஜுக்கு அது பூண்டையும் பெருங்காயத்தையும் பற்றிச் சொன்ன மாதிரி இருந்தது.

இரை என்ன என்று இப்போது அவனிடம் யாரும் கேட்பதில்லை. அவன் பக்கத்து இடம் எப்போதும் காலியாக இருந்தது. ஒரு நாள் புதிதாக வந்த ஒருவர் ஸ்தனிஸ்லாஸிடம் அவனைக் காட்டி யார் என்று கேட்டார். "அவருங்களா, சுகுணாக்கா வூட்டுக்காரரு" என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

அந்தச் சொல் அந்த வாரம் முழுக்க அவன் காதில் இருந்தது. டிராக்டருக்கு அடியில் படுத்துப் போல்ட்டைக் கழற்றும்போதும் இருந்தது. சுகுணா சோறு போடும்போது அவள் விரல்களைப் பார்ப்பான். வெந்நீரில் ஊறி ஊறி நுனி வெளுத்துப்போன விரல்கள். கல்யாணம் ஆனதிலிருந்து பார்க்கிற விரல்கள்தான். இப்போது அவை அவனிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்ட மாதிரி தெரிந்தது.

ஒரு புதன்கிழமை தலைவலி என்று சொல்லி ஒர்க்‌ஷாப்பிலிருந்து மதியமே கிளம்பினான். வீட்டில் யாரும் இல்லை. கோழிகளுக்கு வைத்திருந்த புழுவிலிருந்து ஒரு கைப்பிடியும் கொஞ்சம் பட்டிழையும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனான். அவள் கட்டிய மாதிரியே கட்டிப் பார்த்தான். நட்டும் போல்ட்டும் திருகிய விரல்களுக்கு அந்த இழை பிடிபடவில்லை. இறுக்கினால் புழு நசுங்கியது, விட்டால் வீசும்போதே பறந்து போனது. வெயில் சாய்கிற நேரத்தில் ஒரே ஒரு கட்டு நின்றது. தக்கை உள்ளே போனது. இழுத்தான். நல்ல கெளுத்தி.

மீனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வீட்டுக்குக் கொண்டுபோனால் எந்த இரையில் மாட்டியது என்று சுகுணா கேட்பாள். பொய் சொன்னாலும் வயிற்றைக் கீறும்போது தெரிந்துவிடும். அவளுடைய புழுவில் பிடித்த மீனை அவளிடமே கொடுத்துக் குழம்பு வைக்கச் சொல்ல அவனால் முடியாது. முள்ளைக் கழற்றி, மீனைத் தண்ணீரில் விட்டான். அது ஒரு கணம் கரையோரமாகவே நின்றுவிட்டுப் போனது. தனக்கே தன்னைப் பிடிக்காமல் வீட்டுக்கு வந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சுகுணாவுக்கு வாளை மீன் மாட்டியது. காவியாவும் அன்று வந்திருந்தாள். தக்கை போன வேகத்தில் கம்பு வில்லாக வளைந்தது. சுகுணா முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டாள். "வுடாதீங்கக்கா! தளத்தி வுடுங்க! இப்ப சுத்துங்க!" என்று கரையே கத்தியது. வெளியே வந்தபோது அது ஒரு சின்னப் பிள்ளை நீளம் இருந்தது. மாதவராஜ் அத்தனை வருஷத்தில் அதில் பாதியைக்கூடப் பிடித்ததில்லை. காவியா எல்லாவற்றையும் செல்போனில் எடுத்து வாட்ஸப்பில் போட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை ஒர்க்‌ஷாப்புக்குள் நுழையும்போதே முதலாளி போனை நீட்டினார். "யோவ் மாதவா, உன் சம்சாரமாய்யா இது? பலே கைதான்யா!" முதலாளி அவனிடம் சிரித்துப் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. வீடியோவில் சுகுணா மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தாள். ஓரத்தில், பாதி உடம்பு வெட்டுப்பட்டு, வாயைத் திறந்தபடி ஒருவன் நின்றுகொண்டிருந்தான். அது தான்தான் என்று மாதவராஜுக்குத் தெரியக் கொஞ்சம் நேரம் ஆனது. அன்றைக்கு வந்த வண்டிக்காரர்கள் எல்லாரும் அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். அவன் ஒவ்வொரு தடவையும் தலையை இன்ஜினுக்குள் நுழைத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு காலையில் சுகுணா அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். புழு டப்பா வண்டிப் பையில் தயாராக இருந்தது. வேலைத் துணியில் கிரீஸ் கறை எடுக்க ஒர்க்‌ஷாப்பிலிருந்து கொண்டு வந்த டீசல் கேன் வாசல் திண்டின் கீழே இருந்தது. மாதவராஜ் கேனின் மூடியில் கொஞ்சமாக ஊற்றினான். டப்பாவைத் திறந்தான். உள்ளே பார்க்காமல் டீசலைக் கவிழ்த்துவிட்டு மூடிக் குலுக்கினான்.

"ஏங்க, சட்னி வெச்சிட்டன், வாங்க" என்றாள் சுகுணா உள்ளேயிருந்து.

அவன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போய்ச் சாப்பிட்டான்.

அன்றைக்கு ஆற்றில் மாதவராஜ் ஒருவன்தான் மீன் பிடித்தான். சுகுணாவின் தக்கை காலையிலிருந்து அசையவில்லை. அவளிடம் புழு வாங்கிய ஸ்தனிஸ்லாஸுக்கும் மற்ற இரண்டு பேருக்கும் அதே கதிதான். மாதவராஜின் குடலுக்கு இரண்டு கெளுத்தி வந்தது. "அண்ணனுக்கு இன்னைக்கு நாளு" என்று யாரோ சொன்னார்கள். அதைக் கேட்கத்தான் அவன் அவ்வளவும் செய்தான். கேட்டபிறகு, இன்னும் யாராவது சொல்வார்களா என்று பார்த்தான். யாரும் சொல்லவில்லை.

மதியத்துக்கு மேல் ஸ்தனிஸ்லாஸ் முள்ளைத் தூக்கி முகர்ந்து பார்த்தான். "அக்கா, புழு இன்னைக்கு ஒரு மாதிரி இருக்குதே. எண்ணெ வாசம் மாதிரி."

சுகுணா டப்பாவைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனாள். நாள் முழுக்கப் புழு வாசத்திலேயே கிடக்கிறவளுக்கு வித்தியாசம் உடனே தெரிந்தது. நிமிர்ந்து மாதவராஜைப் பார்த்தாள். அவன் தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யூனிட்டுல தொட்டி கழுவுனாங்க தம்பி. ஏதாச்சும் கலந்திருக்கும். நான்தான் பாக்காம அள்ளிட்டு வந்துட்டன்" என்றாள். டப்பாவைத் தண்ணீர் ஓரம் கொண்டுபோகாமல், தள்ளிப் போய் மண்ணில் குழி பறித்துக் கொட்டி மூடினாள்.

வண்டி பாலம் தாண்டியதும் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"நிறுத்துங்க."

நிறுத்தினான். அவள் இறங்கவில்லை. அவனும் திரும்பவில்லை. ஒரு கரும்பு லாரி அவர்களைக் கடந்து போனது.

"டீசல்தான?"

அவன் வண்டிக் கண்ணாடியைத் திருப்பி வைத்தான்.

"கேக்கறன்ல."

"ஆமா."

"அவங்ககிட்ட நான் பொய் சொன்னது உங்களுக்காவன்னு நெனச்சிக்காதீங்க. கட்டுனவனே என் டப்பாவுல டீசல் ஊத்துனான்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவ்வளவுதான். இத்தன வருசமா என் கை நாறுதுன்னு சொன்னீங்க. நான் சிரிச்சிட்டுப் போனன். சோறு போடற கையாச்சேன்னு ஒரு நாளாச்சும் நெனச்சீங்களா? அந்த நாத்தத்துல ஒரு நல்லது வந்தா உங்களுக்கு ஆவல."

"தாங்க முடியல சுகுணா" என்றான். வேறு சொல் அவனுக்கு வரவில்லை. "எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்."

"அத நான் எடுத்துக்கிட்டு ஓடிட்டனா? பக்கத்துலதான உக்காந்திருந்தன்?"

அவன் வண்டியை எடுத்தான்.

அதற்குப் பிறகு சுகுணா ஆற்றுக்கு வரவில்லை. வீட்டில் பேசினாள், சமைத்தாள், காவியாவோடு சிரித்தாள். தூண்டில் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. மாதவராஜ் தனியாகப் போனான். முன்பு போல அவன் கம்புதான் அடிக்கடி வளைந்தது. ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் வண்டிப் பின்சீட்டைத்தான் முதலில் பார்த்தார்கள். "அக்கா வரலீங்களா?" அவள் இல்லாதபோதும் அவளைத்தான் கேட்டார்கள். அவனுக்கு வயிறு எரிந்தது. எரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

இரண்டாவது வாரம் ஸ்தனிஸ்லாஸ் கேட்டான்: "அக்காவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா? அன்னைக்கு மீன் வரலன்னு மனசு வுட்டுட்டாங்களா? தொட்டி கழுவுனதுக்கு அவங்க என்னா பண்ணுவாங்க."

"தொட்டி எல்லாம் ஒண்ணுமில்ல" என்றான் மாதவராஜ். "டீசல் ஊத்தினது நானு."

ஸ்தனிஸ்லாஸ் சிரித்தான். மாதவராஜ் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். பக்கத்தில் இருந்தவர்களும் திரும்பினார்கள்.

"ஏங்கண்ணா?"

"வயித்தெரிச்சல்தான். வேற என்னா."

ஸ்தனிஸ்லாஸ் தூண்டில் நரம்பைச் சுற்றி எடுத்துக்கொண்டே, "என் முள்ளுலயும் அந்தப் புழுதாண்ணா இருந்தது. ஒரு ஞாயித்துக்கெழம வீணாப் போச்சு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் தன் கம்பையும் பக்கெட்டையும் எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தான்.

வீட்டுக்கு வந்து சுகுணாவிடம் சொன்னான். கோழிக்குப் புழு போட்டுக்கொண்டிருந்தவள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"எல்லார் முன்னாடியுமா சொன்னீங்க?"

"ஆமா."

"அய்யோ, உங்களுக்குப் புத்தியே கெடையாதா? நான் ஒண்ணு சொல்லி மூடி வெச்சா நீங்க போயி தொறந்து வெச்சிருக்கீங்க. இனிமே நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அங்க வர்றது?"

"அவங்க உன்னத்தான் கேக்கறாங்க. ஒவ்வொரு வாரமும்."

"கேக்கறாங்கன்னா உங்களுக்கு எரியுமே."

"எரியுதுதான்" என்றான். "எரிஞ்சிட்டுப் போவட்டும். நீ வா."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோழிகள் அவள் காலைச் சுற்றிக் கொத்திக்கொண்டிருந்தன. "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் புழுவைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது மாதவராஜ் வந்து எதிரில் உட்கார்ந்தான். "எப்பிடிக் கட்டறன்னு காட்டு" என்றான். அவள் காட்டினாள். அவனுக்கு வரவில்லை. இன்னொரு தடவை காட்டினாள். அப்போதும் வரவில்லை. "உங்க வெரல் தடி" என்றாள். அடுத்த புழுவை எடுத்தாள்.

ஞாயிறு காலை அவர்கள் போனபோது கரையில் எல்லாரும் இருந்தார்கள். யாரும் பழைய பேச்சை எடுக்கவில்லை. சுகுணா யார் முகத்தையும் பார்க்காமல் தன் இடத்தில் உட்கார்ந்து கட்டிப் போட்டாள். ஸ்தனிஸ்லாஸ் அவளிடம் வந்து புழு வாங்கினான். வாங்கியதும் ஒரு தடவை முகர்ந்தான். பிறகு தான் செய்ததை உணர்ந்து அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மாதவராஜ் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

வெயில் ஏறின பிறகு சுகுணாவின் கம்பு வளைந்தது. பெரிய மீன். தண்ணீர் முந்தின வாரத்தைவிட வேகமாக ஓடியது. அவள் கால் வழுக்கியது. "ஏங்க, வலைய எடுத்தாங்க!" என்று கத்தினாள். கைப்பிடி வலை மாதவராஜ் பக்கத்தில்தான் கிடந்தது. எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். மீன் ஒரு தடவை மேலே வந்து புரண்டது. வாளை. போன தடவைவிடப் பெரிது. மேல் உதட்டில் முள் லேசாக ஒட்டிக்கொண்டிருந்த மாதிரிதான் தெரிந்தது.

அது அவன் முழங்காலுக்கு அருகே வந்தது. வலையைக் கொஞ்சம் தாமதமாக இறக்கினால் போதும். வலை விளிம்பு தூண்டில் நரம்பில் தட்டினால் போதும். முள் கழன்று போயிருக்கும், தண்ணீர் வேகம் என்று எல்லாரும் சொல்லியிருப்பார்கள். சுகுணாவுக்கே தெரிந்திருக்காது. அவன் கை அந்த நினைப்பில் ஒரு நொடி நின்றது. கரையில் மறுபடியும் எல்லாரும் அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

வலையை மீனுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினான். கனம் தோளை இழுத்தது. வாலால் முகத்தில் ஒரு அறை விட்டது. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக் கரைக்கு ஏறி, சுகுணாவின் காலடியில் போட்டான். எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ போனை எடுத்தார்கள். மாதவராஜ் மூச்சு வாங்கிக்கொண்டு கூட்டத்துக்கு வெளியே நின்றான்.

"நீங்க போங்க. உங்க தக்க ஆடுது பாருங்க" என்றாள் சுகுணா, கூட்டத்துக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்து.

ஓடினான். காற்றுக்குத்தான் ஆடியிருந்தது. குடலை மாற்றிக் குத்தி மறுபடியும் வீசிவிட்டு, ஈர வேட்டியோடு உட்கார்ந்தான்.